பணப்பைக்குப் பூட்டு: ஆங்கில நாட்டுத் தேர்தல் செலவுச் சட்டத்தின் வரலாறு

தேர்தல் என்பது மக்களின் தீர்ப்பு. அத்தீர்ப்பை நாடும் வேட்பாளர் மக்கள் முன் சென்று தம் கொள்கையை எடுத்துரைக்க வேண்டும். அதற்குக் கூட்டம் வேண்டும், துண்டறிக்கை வேண்டும், ஊர்தோறும் செல்ல வண்டி வேண்டும். இவை யாவற்றுக்கும் பொருள் வேண்டும். ஆகவே பொருளின்றித் தேர்தல் இல்லை. ஆனால், பொருள் ஒன்றே வெற்றியை உறுதி செய்யுமானால், அங்கு மக்களின் தீர்ப்புக்கு இடம் ஏது? தேவையான செலவுக்கும் தீமையான செலவுக்கும் இடையே கோடு கிழிப்பது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விரிவான சட்டத்தின் வாயிலாக விடை காண முயன்ற நாடுகளுள் முன்னணியில் நின்றது இங்கிலாந்து. அந்நாட்டுப் பாராளுமன்றம் 1883ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தேர்தல் ஊழல் தடுப்புச் சட்டத்தின் சாயலை இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் தேர்தல் சட்டங்களிலும் காணலாம். அச்சட்டம் எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்கத் தவறியது என்பதை ஆராய்ந்தால், தேர்தல் நிதிச் சீர்திருத்தத்தை வேண்டுவோர், வேண்டாதோர் ஆகிய இரு சாராரின் வாதங்களும் நன்கு விளங்கும்.

யார்க் நகரில் பதினைந்து நாள்

சட்டத்தின் அருமையை அறிய வேண்டுமானால் அதற்கு முந்திய நிலையை அறிதல் வேண்டும். 1807ஆம் ஆண்டில் யார்க்ஷயர் மாவட்டத்தில் நடந்த தேர்தல் அதற்குத் தக்க சான்று. இரண்டு இடங்களுக்கு மூவர் போட்டியிட்டனர். ஒருவர், அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்டு அதே ஆண்டில் வெற்றி கண்ட வில்லியம் வில்பர்போர்ஸ். மற்றொருவர் பிட்ஸ்வில்லியம் பிரபுவின் மைந்தர் மில்டன். அப்போதுதான் 21 வயது நிரம்பியவர். மூன்றாமவர் ஹென்றி லாஸ்ஸெல்ஸ். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டம் நடத்திய செல்வக் குடும்பத்தினர்.

அம்மாவட்டம் மிகப் பெரியது. ஆயினும் வாக்களிக்கும் இடம் யார்க் நகர் ஒன்றே. வாக்கெடுப்பு பதினைந்து நாள் நீடித்தது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களை வண்டிகளில் ஏற்றிக் கொணர்ந்து, உணவும் குடியும் கொடுத்து, தங்க இடமும் தேடித் தருவது வேட்பாளரின் பொறுப்பாக இருந்தது. மில்டனும் லாஸ்ஸெல்ஸும் சேர்ந்து செலவிட்ட தொகை ஏறத்தாழ 2 இலட்சம் பவுண். வில்பர்போர்ஸுக்கு அத்தகைய செல்வம் இல்லை. அவருடைய அன்பர்கள் நாடெங்கும் நன்கொடை திரட்டினர். 64,000 பவுணுக்கு மேல் குவிந்தது. அதில் பாதி கூடச் செலவாகவில்லை. வில்பர்போர்ஸ் முதலிடம் பெற்றார். மில்டன் அடுத்து வந்தார். பெரும்பொருள் இறைத்த லாஸ்ஸெல்ஸ் தோற்றார்.

இத்தேர்தலை இரு சாராருமே தத்தமக்குச் சான்றாகக் காட்டலாம். பணம் இறைத்தவர் தோற்றார். ஆகவே பணம் வெற்றியை விலைக்கு வாங்கிவிடாது என்று ஒரு சாரார் சொல்லலாம். ஆனால், இருபதாயிரம் முப்பதாயிரம் பவுண் திரட்ட இயலாத ஒருவர் அக்களத்தில் கால் வைத்திருக்கவே முடியாது என்பது மற்றச் சாராரின் மறுமொழி. பணம் வெற்றியைத் தருவதில்லை. ஆனால், யார் களத்தில் நிற்கலாம் என்பதை அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. இவ்விரண்டாம் உண்மையே சீர்திருத்தத்தின் வேர்.

எழுத்தளவில் நின்ற சட்டங்கள்

1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஆளில்லா ஊர்களின் பெயரால் உறுப்பினர் அனுப்பும் இழிவை நீக்கியது. வாக்காளர் தொகை பெருகியது. எனினும் வாக்கை விற்கும் வழக்கமும் உடன் பெருகிற்று. வாய்மொழியாக, யாவரும் அறிய வாக்களிக்கும் முறையே அன்று இருந்தது. ஆதலால், காசு கொடுத்தவன் தன் சரக்குக் கைக்கு வந்ததா என்று நின்று பார்த்துக்கொள்ள முடிந்தது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் ‘பிக்விக்’ நவீனத்தில் இத்தகைய தேர்தல் ஒன்றை நகைச்சுவையோடு தீட்டியுள்ளார்.

1854ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. கையூட்டு, விருந்தளித்து மயக்குதல், அச்சுறுத்துதல் ஆகியவை எவை என்பதை அது வரையறுத்தது. செலவுக் கணக்கைத் தணிக்கை செய்வோரையும் ஏற்படுத்தியது. ஆனால், அத்தணிக்கையாளர்களுக்குப் போதிய அதிகாரம் இல்லை. வேட்பாளர் காட்டிய கணக்கைப் பெற்று வைப்பதே அவர்கள் வேலையாக இருந்தது. 1863ஆம் ஆண்டில் அப்பதவியே நீக்கப்பட்டது. 1868இல் தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பு காமன்ஸ் சபைக் குழுக்களிடமிருந்து நீதிபதிகளுக்கு மாற்றப்பட்டது. 1872இல் மறைமுக வாக்கெடுப்பு முறை வந்தது.

மறைமுக வாக்கு வந்தால் வாக்கு வாணிகம் தானே ஒழியும் என்று பலர் நம்பினர். கொடுத்த காசுக்கு வாக்கு விழுந்ததா என்று அறிய முடியாதபோது எவன் காசு கொடுப்பான் என்பது அவர்கள் எண்ணம். நம்பிக்கை பொய்த்தது. 1880ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வேட்பாளர்கள் ஒப்புக்கொண்டு காட்டிய செலவு மட்டுமே 17 இலட்சம் பவுண் அளவுக்கு உயர்ந்தது. காட்டாத செலவு தனி. பாஸ்டன், காண்டர்பரி, செஸ்டர், குளோஸ்டர், நேர்ஸ்பரோ, மாக்கில்ஸ்பீல்டு, ஆக்ஸ்போர்டு, சாண்ட்விச் ஆகிய எட்டு நகரங்களில் நடந்ததை ஆராய அரச விசாரணைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் அறிக்கைகள் நாட்டையே தலைகுனியச் செய்தன. வழக்கறிஞர், நகர மன்றத்தார், வணிகர் எனப் பெரிய மனிதர்கள் பலரும் காசு பட்டுவாடா செய்ததும், வாங்கியவர்களுட் பலர் இரு கட்சியினரிடமும் வாங்கியதும் வெளியாயின. பின்னர் 1885ஆம் ஆண்டில் மாக்கில்ஸ்பீல்டும் சாண்ட்விச்சும் தனித் தொகுதி என்னும் தகுதியையே இழந்தன.

1883ஆம் ஆண்டுச் சட்டம்

கிளாட்ஸ்டன் அமைச்சரவையின் தலைமைச் சட்ட அதிகாரியாக விளங்கிய சர் ஹென்றி ஜேம்ஸ் இந்நோயின் மூலத்தை நன்கு உணர்ந்தார். முந்திய சட்டங்கள் கையூட்டைக் குற்றம் என்றன. ஆனால், கையூட்டைக் கண்டுபிடிப்பது கடினம். கொடுப்பவனும் சொல்லான், வாங்குபவனும் சொல்லான். ஆகவே, ஜேம்ஸ் வேறு வழியை நாடினார். தீய செலவைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக, மொத்தச் செலவுக்கே ஒரு வரம்பு கட்டினார். பை சிறியதானால் அதிலிருந்து இறைக்கும் காசும் குறையுமன்றோ!

வாக்காளர் தொகைக்கு ஏற்பச் செலவு வரம்பு வகுக்கப்பட்டது. இரண்டாயிரம் வாக்காளருக்கு மேற்படாத நகரத் தொகுதியில் 350 பவுண். அதற்கு மேற்பட்டால் 380 பவுணும், கூடுதலான ஒவ்வோர் ஆயிரவருக்கும் 30 பவுணும் செலவிடலாம். பரந்து கிடக்கும் நாட்டுப்புறத் தொகுதிகளுக்கு வரம்பு சற்று உயர்வாக வைக்கப்பட்டது. செலவு யாவும் ஒரே தேர்தல் முகவர் வழியாகவே நடைபெற வேண்டும். தேர்தல் முடிந்த 35 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். இசைக்குழு, தீவட்டி, கொடி, வண்ணப் பட்டை ஆகியவற்றுக்குக் காசு கொடுத்தல் ஆகாது. மதுக்கடையைத் தேர்தல் அலுவலகமாக்குதல் கூடாது. வாக்காளரை ஏற்றிவர வாடகை வண்டி அமர்த்துதல் கூடாது. கூலி கொடுத்து வாக்குக் கேட்கச் செய்தலும் கூடாது.

தண்டனையும் கடுமையானது. கையூட்டுக் குற்றம் வேட்பாளர் மீதே மெய்ப்பிக்கப்பட்டால், அத்தொகுதியில் அவர் மீண்டும் என்றுமே நிற்க முடியாது. பிற தொகுதிகளிலும் ஏழாண்டுக் காலத்துக்கு உறுப்பினராக முடியாது.

எதிர்ப்பும் மறுப்பும்

இச்சட்டத்துக்கு எழுந்த எதிர்ப்புகளை எல்லாம் தன்னலத்தின் குரல் என்று தள்ளிவிடலாகாது. அவற்றுள் சில ஆழ்ந்த உண்மை வாய்ந்தவை.

தண்டனை மிகையானது என்பது முதல் எதிர்ப்பு. முகவர் ஒருவர் அறியாமையால் செய்த சிறு பிழைக்காக, பல்லாயிரம் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் பதவி இழப்பது முறையா? இதில் நியாயம் உண்டு என்பதை ஆட்சியாளர் ஏற்றனர். அறியாது நேர்ந்த பிழையை நீதிமன்றம் பொறுத்தருளலாம் என்னும் விதி சட்டத்தில் இடம்பெற்றது.

வண்டித் தடை ஏழை வாக்காளனையே தாக்கும் என்பது இரண்டாம் எதிர்ப்பு. வாடகை வண்டி கூடாது என்றது சட்டம். சொந்த வண்டியை இரவலாகக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வண்டியும் குதிரையும் உடைய நண்பர்கள் செல்வ வேட்பாளருக்கு உண்டு. தொழிலாளர் வேட்பாளருக்கு எங்கே உண்டு? சமன்மையை நாடிய விதி, செயலில் சமனின்மையை வளர்த்தது. குதிரை வண்டி போய் மோட்டார் வண்டி வந்த பிறகும் இக்குறை நீடித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. 1958இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது.

மூன்றாம் எதிர்ப்பே வலிமை மிக்கது. வேட்பாளரின் கையைக் கட்டினால் பணம் நின்றுவிடாது. வேறு கைக்கு மாறும் என்பது அது. ஓடும் நீரை ஒரு வாய்க்காலில் அடைத்தால், அது பள்ளம் கண்ட பக்கம் பாயும். இவ்வெதிர்ப்பின் உண்மையைக் காலம் காட்டியது.

கண்ட பயன்

முதலில் நன்மையைக் கூறுவதே முறை. அடுத்து 1885ஆம் ஆண்டில் வந்த பொதுத் தேர்தலில் வாக்காளர் தொகை முப்பது இலட்சத்திலிருந்து ஐம்பத்தேழு இலட்சமாக உயர்ந்திருந்தது. எனினும், கணக்குக் காட்டிய செலவு 17 இலட்சம் பவுணிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சமாகக் குறைந்தது. இது பெரு வெற்றி. ஓரிரு தலைமுறைக்குள் வாக்கு விற்பனை என்பது ஆங்கில நாட்டில் பழங்கதையாயிற்று. தலைமுறை தலைமுறையாக வேரோடிய வழக்கத்தைச் சட்டத்தால் மாற்ற இயலாது என்போர்க்கு இவ்வரலாறே மறுமொழி.

எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. கூலிக்கு ஆள் வைத்து வாக்குக் கேட்க முடியாமற்போகவே, கட்சிகள் தொண்டர்களை நாடின. 1883ஆம் ஆண்டிலேயே பழைமைக் கட்சியினர் பிரிம்ரோஸ் சங்கத்தைத் தோற்றுவித்தனர். 1887இல் லிபரல் மாதர் கூட்டமைப்பு எழுந்தது. வாக்குரிமை இல்லாத மகளிர் வீடு வீடாகச் சென்று வாக்குத் திரட்டினர். அரசியல் பணியில் அவர்கள் பெற்ற பயிற்சி பின்னர் வீண்போகவில்லை.

சட்டம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு 1923ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. பெரிக் தொகுதியில் வென்ற ஹில்டன் பிலிப்சன், முகவரின் செலவு வரம்பைக் கடந்ததால் பதவி இழந்தார். குற்றம் அவருடையது அன்று என்பது தெளிவு. எனினும் பதவி போயிற்று. இடைத் தேர்தலில், முன்னர் நாடக நடிகையாக விளங்கிய அவர் துணைவியார் மேபெல் பிலிப்சன் நின்று வென்றார். காமன்ஸ் சபையில் அமர்ந்த மூன்றாம் பெண்மணி அவரே. சட்டத்தின் வன்மையையும், அதன் கடுமை பற்றிய பழைய எதிர்ப்பின் நியாயத்தையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகின்றது.

எனினும், செலவைக் குறைத்தது மட்டும் ஏழைக்குப் பாராளுமன்றக் கதவைத் திறந்துவிடவில்லை. தேர்தல் அதிகாரிகளின் செலவையும் வேட்பாளர்களே ஏற்க வேண்டியிருந்தது. உறுப்பினருக்கு ஊதியமும் இல்லை. 1911ஆம் ஆண்டில்தான் ஆண்டுக்கு 400 பவுண் ஊதியம் ஏற்பட்டது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் அதிகாரிகளின் செலவை அரசின் தலையில் வைத்தது. வேட்பாளரின் அறிக்கையை அஞ்சற் கட்டணமின்றி வாக்காளருக்கு அனுப்பவும் வழி செய்தது. வரம்பு கட்டுவது பாதி வேலை. வசதி செய்து தருவது மறுபாதி என்பதை நாடு உணர முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

கட்சியின் பணப்பை

1883ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டிய பை வேட்பாளரின் பை. கட்சியின் தலைமை நிலையத்துப் பையைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. தேர்தல் காலத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் செலவைப் பற்றியும் கூறவில்லை. தொகுதியிலுள்ள பந்தாட்டக் கழகத்துக்கும், கோயிலுக்கும், அறச்சாலைக்கும் ஆண்டு முழுதும் நன்கொடை வழங்கி வந்த செல்வரை எந்த விதியும் தடுக்கவில்லை.

கட்சித் தலைமைக்கு நிதி எங்கிருந்து வந்தது? லிபரல் கட்சியும் பழைமைக் கட்சியும் செல்வரை நாடின. செல்வர் சிலர் பட்டங்களை நாடினர். லாய்டு ஜார்ஜ் முதலமைச்சராயிருந்த 1916 முதல் 1922 வரையிலான காலத்தில் இவ்வாணிகம் வெளிப்படையாகப் பேசப்படும் அளவுக்கு முற்றியது. வீரர் பட்டத்துக்கு இவ்வளவு, அதனினும் உயர்ந்த பட்டத்துக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் உலவியதாகக் கூறுவர். நாடு கொதித்தெழுந்தது. பட்ட விற்பனையைக் குற்றமாக்கி 1925ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. பட்டத் தரகராகப் பேர்பெற்ற மாண்டி கிரெகரி அச்சட்டத்தின்கீழ் 1933ஆம் ஆண்டில் தண்டனை பெற்றார்.

தொழிலாளர் கட்சியோ தொழிற்சங்கங்களின் நிதியை நம்பி வளர்ந்தது. சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவிடுதல் சட்டத்துக்கு மாறானது என்று 1909ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கட்சியின் உயிர்நாடியே அறுபட்டது போலாயிற்று. 1913ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்கள் தனி அரசியல் நிதி வைக்கலாம் என்றது. விரும்பாத உறுப்பினர் எழுதிக் கொடுத்து விலகலாம். 1927இல் பழைமைக் கட்சி ஆட்சி இதனைத் தலைகீழாக்கியது. விரும்பும் உறுப்பினர் எழுதிக் கொடுத்தால்தான் சந்தா பெறலாம் என்றது. 1946இல் தொழிலாளர் கட்சி ஆட்சி பழைய முறையை மீட்டது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. தேர்தல் நிதிச் சீர்திருத்தம் என்ற பெயரால் ஆளுங்கட்சி எதிர்க்கட்சியின் பணப்பையை மட்டும் குறிபார்த்துக் கத்தரிக்கலாம். சீர்திருத்தத்தை ஐயுறுவோர் கூறும் காரணங்களுள் இது மிக முக்கியமானது. சட்டம் செய்வோரே போட்டியாளர்கள். ஆட்டக்காரனே விதி வகுக்கும் ஆட்டத்தில் விதி நடுநிலையாக இருக்குமா?

துரோனோ ஈயமும் டைம்ஸ் விளம்பரமும்

கட்சிக்கு வரம்பு இல்லாக் குறை எவ்வளவு பெரியது என்பதை வெளிப்படுத்திய வழக்குக்கும் மலாயா மண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

வேட்பாளரை வெற்றி பெறச் செய்யும் நோக்கத்துடன், அவருடைய முகவரின் இசைவின்றி வேறு எவரும் கூட்டத்துக்கோ விளம்பரத்துக்கோ செலவு செய்தல் கூடாது என்று 1918ஆம் ஆண்டிலேயே விதி ஏற்பட்டிருந்தது. அவ்விதி 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1951 அக்டோபரில் பொதுத் தேர்தல் நெருங்கிற்று. கம்பெனிப் பங்குகளின் இலாப ஈவுக்கு வரம்பு கட்டத் தொழிலாளர் கட்சி அரசாங்கம் எண்ணியிருந்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்னதாக, இலண்டன் ‘டைம்ஸ்’ நாளேட்டில் அக்கொள்கையைச் சாடி விளம்பரம் ஒன்று வெளிவந்தது. அதை வெளியிட்டது துரோனோ சுரங்கக் கம்பெனி. பேராக் மாநிலத்தில் ஈயம் தோண்டிய ஆங்கிலக் கம்பெனி அது.

வழக்குத் தொடரப்பட்டது. வேட்பாளர் எவருடைய முகவரும் இவ்விளம்பரத்துக்கு இசைவு தரவில்லை. ஆகவே குற்றம் என்றனர் வழக்குத் தொடுத்தோர். 1952ஆம் ஆண்டில் நீதிபதி மக்னேர் அதனை ஏற்கவில்லை. விளம்பரம் குறிப்பிட்ட தொகுதியின் வேட்பாளரைப் பற்றியது அன்று. நாடு முழுவதற்குமான பொதுக் கொள்கையைப் பற்றியது. ஆகவே தடை அதனைச் சாராது என்று கொண்டு கம்பெனியை விடுவித்தார்.

தீர்ப்பு சட்டத்தின் சொல்லுக்கு ஏற்றதே. ஆனால், அதன் விளைவு பெரிது. தொகுதியில் ஒரு வேட்பாளர் துண்டறிக்கைக்குச் சில பவுண் கூடுதலாகச் செலவிட்டால் பதவி போய்விடும். நாடு முழுதும் கட்சியோ கம்பெனியோ எவ்வளவு செலவிட்டாலும் கேட்பாரில்லை. பழைமைக் கட்சி 1957 முதல் 1959 வரை நாடெங்கும் பெரும் விளம்பர இயக்கம் நடத்தியது. உருக்குக் கம்பெனிகளும் தேசிய உடைமையாக்கலை எதிர்த்து விளம்பரங்களில் பெரும்பொருள் செலவிட்டன. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்யத் தடை இருந்ததொன்றே செலவு எல்லை மீறாமல் காத்த அரண்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. பேராக் மண்ணில் விளைந்த ஈயத்தால் வளர்ந்த கம்பெனி இலண்டன் தேர்தலில் தன் குரலை எழுப்பியது. அந்த ஈயத்தைத் தோண்டிய தொழிலாளர் வாழ்ந்த மலாயாவிலோ, கூட்டரசுச் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் 1955ஆம் ஆண்டில்தான் நடந்தது.

பேச்சுரிமை என்னும் வாதம்

துரோனோ வழக்கை மறுபக்கத்திலிருந்தும் நோக்குதல் வேண்டும். தன்னைப் பாதிக்கும் கொள்கையைப் பற்றிக் கம்பெனி தன் கருத்தைச் சொல்லக் கூடாதா? தொழிற்சங்கம் சொல்லக் கூடாதா? தனி மனிதர் சொல்லக் கூடாதா? கருத்தைப் பரப்பப் பணம் வேண்டும். பணத்துக்கு வரம்பு கட்டினால் கருத்துக்கே வரம்பு கட்டியதாகும் என்பது சீர்திருத்தத்தை எதிர்ப்போரின் தலையாய வாதம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 1976ஆம் ஆண்டில் இவ்வாதத்தையே பெருமளவு ஏற்றது. வேட்பாளருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரம்பு கட்டலாம். செலவுக்கு வரம்பு கட்டுதல் பேச்சுரிமைக்கு மாறானது என்றது. 2010ஆம் ஆண்டில் மேலும் ஒரு படி சென்று, கம்பெனிகளும் சங்கங்களும் தேர்தல் காலத்தில் தாமாகவே செய்யும் செலவுக்குத் தடை கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் அந்நாட்டுத் தேர்தல்களில் பாய்ந்த வெளிப்பணம் எல்லையற்றது.

இங்கிலாந்திலும் இவ்வாதம் வென்ற இடம் ஒன்றுண்டு. 1992ஆம் ஆண்டுத் தேர்தலில் பிலிஸ் பௌமன் என்ற பெண்மணி, கருக்கலைப்புப் பற்றி வேட்பாளர்கள் கொண்ட கருத்தை விளக்கித் துண்டறிக்கைகள் வெளியிட்டார். தனியார் ஒருவர் இவ்வாறு செலவிடத்தக்க தொகை 5 பவுண் என்று அன்றைய சட்டம் வரையறுத்திருந்தது. ஸ்டிராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998ஆம் ஆண்டில், இவ்வளவு குறைந்த வரம்பு பேச்சுரிமையை மறுப்பதே ஆகும் என்று தீர்ப்பளித்தது. பின்னர் வரம்பு 500 பவுணாக உயர்த்தப்பட்டது. ஒருபுறம் கம்பெனி தேசிய நாளேட்டில் தடையின்றி விளம்பரம் செய்யலாம். மறுபுறம் தனிப் பெண்மணி ஒருவர் துண்டறிக்கைக்கு ஐந்து பவுணுக்கு மேல் செலவிடலாகாது! வலியோர்க்கு வழி விட்டு எளியோரைப் பிடிக்கும் வலையாகச் சட்டம் மாறிவிடலாம் என்னும் அச்சம் வீணானதன்று.

இரண்டாயிரமாம் ஆண்டுச் சட்டம்

1967ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், கம்பெனிகள் தரும் அரசியல் நன்கொடைகளை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்றது. கட்சிகளுக்கு அரசே உதவித்தொகை வழங்கலாம் என்று 1976ஆம் ஆண்டில் ஹவுட்டன் குழு பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை. எதிர்த்தோர் கூறியது இது: தான் வெறுக்கும் கட்சிக்குத் தன் வரிப்பணம் செல்வதை எந்தக் குடிமகன் பொறுப்பான்? அரசுப் பணத்தில் வாழப் பழகிய கட்சி தொண்டர்களை மறந்துவிடும். ஆதரித்தோர் கூறியது வேறு: செல்வரிடம் கையேந்தும் கட்சி செல்வருக்கே கடமைப்படும், மக்களிடம் பெற்றால் மக்களுக்குக் கடமைப்படும். எதிர்க்கட்சிகளின் பாராளுமன்றப் பணிக்கு மட்டும் 1975 முதல் அரசு உதவி கிடைத்து வந்தது.

1997ஆம் ஆண்டில் ஒரு செய்தி நாட்டை உலுக்கியது. மோட்டார்ப் பந்தயத் தொழிலின் தலைவர் ஒருவர் தேர்தலுக்கு முன் தொழிலாளர் கட்சிக்கு 10 இலட்சம் பவுண் கொடுத்திருந்தார். புகையிலை விளம்பரத் தடையிலிருந்து அப்பந்தயத்துக்கு விலக்களிக்கப் புதிய அரசாங்கம் முன்வந்தபோது இது வெளியாயிற்று. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது அரசாங்கம். நன்கொடை திருப்பித் தரப்பட்டது. ஆனால், எழுந்த ஐயம் அடங்கவில்லை. நீல் பிரபுவின் தலைமையில் இயங்கிய பொதுவாழ்வு நெறிக்குழு 1998ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை தந்தது. அதன் வழியில் 2000ஆம் ஆண்டில் புதிய சட்டம் பிறந்தது. கட்சிகளின் நாடளாவிய செலவுக்கு முதன்முறையாக வரம்பு வந்தது. போட்டியிடும் ஒவ்வொரு தொகுதிக்கும் 30,000 பவுண் என்பது அளவு. பெரிய நன்கொடைகளின் பெயர் வெளியிடப்பட வேண்டும். அயல்நாட்டார் நன்கொடைக்குத் தடை. கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் ஒன்றும் அமைந்தது. வேட்பாளரின் பைக்குப் பூட்டுப் போட்ட நாளிலிருந்து கட்சியின் பைக்குப் பூட்டுப் போடும் நாள் வரை 117 ஆண்டுகள் கடந்திருந்தன.

அதன் பின்னும் ஓட்டை இருந்தது. நன்கொடையை வெளியிட வேண்டும் என்றது சட்டம். வணிக முறையில் பெறும் கடனைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. கட்சிகள் செல்வரிடம் கடன் வாங்கின. 2006ஆம் ஆண்டில் இது வெளியானதும் கடனும் வெளியிடப்பட வேண்டும் என்று விதி வந்தது. ஒருவர் தரும் நன்கொடைக்கே உச்சவரம்பு கட்டலாம் என்று 2007இலும் 2011இலும் எழுந்த யோசனைகள் நிறைவேறவில்லை. ஒரு கட்சிக்குச் சங்கப் பணம் உயிர். மற்றதற்குச் செல்வர் பணம் உயிர். எவருடைய உயிர்நாடியை முதலில் கட்டுவது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. 2023ஆம் ஆண்டு இறுதியில் கட்சிச் செலவின் வரம்பு தொகுதிக்கு 54,010 பவுணாக உயர்த்தப்பட்டது.

மலேசியாவும் சிங்கப்பூரும்

1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித்தோன்றலாக மலாயாவில் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் அமைந்தது. வேட்பாளருக்கு முகவர், செலவுக்கு வரம்பு, கணக்கு ஒப்படைப்பு, கையூட்டுக்கும் விருந்துக்கும் தடை என்னும் கூறுகளெல்லாம் அதில் உள்ளன. 2022ஆம் ஆண்டு மலேசியப் பொதுத் தேர்தலில் வேட்பாளரின் செலவு வரம்பு பாராளுமன்றத் தொகுதிக்கு 2 இலட்சம் ரிங்கிட்டாகவும், சட்டமன்றத் தொகுதிக்கு 1 இலட்சம் ரிங்கிட்டாகவும் இருந்தது. கட்சியின் மொத்தச் செலவுக்கோ வரம்பு இல்லை. 2000ஆம் ஆண்டுக்கு முந்திய ஆங்கில நாட்டு நிலை இதுவே.

சிங்கப்பூரில் செலவு வரம்பு வாக்காளர் தொகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 4 வெள்ளி என்றிருந்தது, 2025ஆம் ஆண்டில் 5 வெள்ளியாயிற்று. அயல்நாட்டு நன்கொடையைத் தடுத்தும், பெயர் கூறாதார் தரும் நன்கொடைக்கு ஆண்டுக்கு 5,000 வெள்ளிக்குக் குறைந்த அளவே பெறலாம் என வரையறுத்தும் 2000ஆம் ஆண்டில் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

வரலாறு கூறும் தீர்ப்பு

இருநூறு ஆண்டு வரலாற்றை ஒருங்கே நோக்கின், இரு சாராரின் வாதங்களிலும் உண்மை உண்டு என்பது புலனாகும். வரம்பு கட்டினால் பணம் வேறு வழி தேடும் என்றனர் எதிர்த்தோர், அவ்வாறே தேடிற்று. சட்டம் எளியோரைப் பிடித்து வலியோரை விடும் என்றனர். சில வேளை அவ்வாறும் நடந்தது. ஆளுங்கட்சி தன் நலம் கருதிச் சட்டம் செய்யும் என்றனர். அதற்கும் சான்று உண்டு. ஆயினும், இக்காரணங்களால் சீர்திருத்தமே வேண்டா என்று முடிவு கட்டியிருந்தால், மாக்கில்ஸ்பீல்டு வாக்காளர் இன்றும் இரு கட்சியிடமும் காசு வாங்கிக்கொண்டிருப்பர்.

எதிர்த்தோரின் வாதங்கள் சட்டத்தை வீழ்த்தவில்லை, திருத்தின. கடுமை மிகுதி என்றபோது மன்னிப்பு விதி வந்தது. பேச்சுரிமை நசுங்குகிறது என்றபோது வரம்பு உயர்ந்தது. வாய்க்கால் மாறுகிறது என்றபோது, மிகத் தாமதமாகவேனும், அவ்வாய்க்காலுக்கும் மடை போடப்பட்டது. பூட்டு ஒன்று போட்டதும் களவு ஒழிந்தது என்று கருதி உறங்குவோரும், களவு ஒழியாது என்பதற்காகப் பூட்டே வேண்டா என்போரும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

எல்லாச் சட்டங்களிலும் நின்று பயன் தந்த விதி ஒன்றுண்டு. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவாயிற்று என்னும் கணக்கை மக்கள் காண வைக்கும் விதியே அது. வரம்பு கூடலாம், குறையலாம். அது காலத்தையும் நாட்டையும் பொறுத்தது. கணக்கு மட்டும் மூடிக் கிடக்கலாகாது. 1807இல் யார்க் நகரில் வாக்களித்தவன், தன்னை ஏற்றி வந்த வண்டிக்குக் காசு கொடுத்தவர் யார் என்பதை நன்கறிவான். இன்று நாளேட்டிலும் கைப்பேசியிலும் தன்னிடம் வந்து சேரும் தேர்தல் செய்திக்குக் காசு கொடுத்தவர் யார் என்பதை வாக்காளன் அறியானாயின், அந்த ஒன்றில் அவன் அன்றைய யார்க்ஷயர்க் குடியானவனினும் தாழ்ந்த நிலையிலேயே இருக்கின்றான்.